சர்வர் தம்பி மேல பழி போடாதீங்க

மக்களே, ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் வர முடியல. இன்னிக்கு கொஞ்சம் பொட்டி தட்டற விஷயம். நம்ம வீட்டுப் பிள்ளைங்க நிறைய பேர் இதே வேலையிலதானே இருக்காங்க.

மட்டாஞ்சேரியில ஒரு மசாலா ஏற்றுமதி ஆபீஸ். ரெண்டு சர்வர் சேர்ந்த கிளஸ்டர். ஒண்ணு படுத்தா இன்னொண்ணு அதே ஐபி முகவரியை எடுத்துக்கும். போன மாசம் ஒருநாள் காலையில பத்து மணிக்கு முதல் சர்வர் படுத்துது, ரெண்டாவது எழுந்துது. மாடியில இருந்தவங்களுக்கு உடனே எல்லாம் ஓடுச்சு. ரூட்டருக்கு அந்தப் பக்கம் இருந்த குடோனுக்கு மட்டும் ஒண்ணேகால் மணி வரை ஒண்ணும் வரல. லாரி நின்னுது. கிளஸ்டர் போட்ட தம்பிக்கு (மதுரைக்காரன், கல்யாணமாகி மூணு மாசம்) "நாளையிலருந்து வராதே".

என்ன நடந்துதுன்னா, ஐபி முகவரி கதவு எண் மாதிரி. உள்ள இருக்கற ஆள், நெட்வொர்க் கார்டோட மேக் முகவரி. எந்த எண்ல எந்த ஆள்னு ஏஆர்பி மூலமா கேட்டு ரூட்டர் குறிச்சு வெச்சுக்கும். பஜார் ரோட்ல கடை கைமாறினது தெரியாம பழைய முதலாளி பேருக்கே மூட்டை இறக்குவாங்களே, அந்தக் கதை. குறிச்சதை எத்தனை நேரம் நம்பணும்? 1982ல வந்த ஆர்எஃப்சி 826 அது எங்க வேலை இல்லைன்னு ஒதுங்கிடுச்சு. லினக்ஸ் அரை நிமிஷம் போல ஆனாலே சந்தேகப்பட்டு மறுபடி கேக்கும். சிஸ்கோ ரூட்டர், யாரும் மாத்தலைன்னா, 4 மணி நேரம் நம்பும்.

நேரம் முடிஞ்சதும் தானா சரியாயிடுச்சு. அதுவரைக்கும் சர்வர் ரூம்ல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தவர் பில் குடுத்துட்டார். நோக்குகூலியை 2018 மே 1லருந்து கேரளாவுல நிறுத்தினாங்க, நம்ம துறையில இன்னும் இல்லை :-)

ரூட்டர்ல நேரத்தை ஒரு நிமிஷமாக் குறைச்சிடுங்கன்னு சிலர் சொல்வாங்க. என்னைக் கேட்டா சோம்பேறித்தனம். நிமிஷத்துக்கு ஒரு தரம் எல்லார் பேரையும் கூவிக்கிட்டே இருக்கும். புதுசா எழுந்த சர்வர்தான் "இனி இந்த எண்ல நான்"னு யாரும் கேக்காமலே கத்தணும். கிராட்யுட்டஸ் ஏஆர்பின்னு பேரு. தம்பியோட ஸ்கிரிப்ட் கத்தியிருக்கு, ஆனா ஒரே தரம். ஸ்பானிங் ட்ரீ ஓடற சுவிட்ச்ல போர்ட் முழிக்கவே 30 விநாடி ஆகும், அதுக்குள்ள கத்தினது காத்தோட போச்சு. இடைவெளி விட்டு அஞ்சாறு தரம் கத்தணும். இல்லைன்னா விஆர்ஆர்பி மாதிரி மேக் முகவரியும் சேர்ந்தே கைமாறணும்.

ஆக, பாதித் தப்பு அவனோடது, ஒத்துக்கறேன். ஆனா ரூட்டர் பாஸ்வேர்டு வேற கம்பெனிகிட்ட. அந்த ஒரு வரியை அழிச்சிருந்தா அடுத்த நொடி லாரி கிளம்பியிருக்கும், அவனால பாக்கக்கூட முடியல. பாக்க விடாத பொட்டிக்கு அவனைப் பொறுப்பாக்கறது எந்த ஊர் நியாயம்? பக்கத்து பொட்டியிலருந்து பிங் அடிச்சு "ஓகே சார்"னு கையெழுத்து வாங்கினதை டெஸ்ட்னு ஒத்துக்கிட்ட மேனேஜரை யாரும் எதுவும் கேக்கல. ஒயரைப் பிடுங்கிட்டு, குடோன்ல போய் நின்னு பாத்திருக்கணும்.

தம்பி இப்ப காக்கநாட்டுல வேலை தேடிக்கிட்டிருக்கான். உங்க கம்பெனியில ஆள் எடுத்தா பின்னூட்டத்துல சொல்லுங்க.