பழைய கைத்துப்பாக்கி ஏன் புதியதைவிட விலை கூடியது?

மைசூருவில் பழைய ஸ்கூட்டர் வாங்குபவர், புதியதற்குத் தரவேண்டிய தொகையைவிடக் குறைவாகவே தருகிறார். பழைய மேசைக்கும், பழைய குளிர்பதனப் பெட்டிக்கும், நான்கு மாணவர் கைமாறிய பாடநூலுக்கும் இதுவே விதி. பயன்பட்ட காலம் பொருளின் விலையைக் குறைக்கும் என்பது சந்தையின் பால பாடம். இந்தியாவில் இவ்விதி தலைகீழாக நிற்கும் பொருள்களுள் ஒன்று கைத்துப்பாக்கி. உரிமம் பெற்ற ஒருவர் வாங்க முற்படும்போது, கான்பூரில் புதிதாகச் செய்யப்பட்ட ரிவால்வருக்கு ஒரு விலை இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ செய்யப்பட்டு, பல கைகள் மாறிவந்த ரிவால்வருக்கு அதைப் போலப் பன்மடங்கு விலை கேட்கப்படுகிறது.

ஆகவே, பழையதா புதியதா என்பதை விலையைக் கொண்டு முடிவு செய்ய முயல்பவர், அந்த விலை எதை அளக்கிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். அது ஆயுதத்தின் தரத்தையும் அளப்பதில்லை. வாங்குபவரின் தேவையையும் அளப்பதில்லை. அரசு மூடிவைத்த ஒரு கதவின் மதிப்பையே அது பெரிதும் அளக்கிறது.

விடுதலைக்குப் பின்னும் வெளிநாட்டுத் துப்பாக்கிகள் கட்டுப்பாடுகளோடு இந்நாட்டிற்குள் வந்துகொண்டிருந்தன. 1980களின் நடுப்பகுதியில் பொதுமக்களுக்கான இறக்குமதி நிறுத்தப்பட்டது. பெயர்பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்கள், வெளிநாட்டில் குடியிருந்து தாயகம் திரும்புவோர் போன்ற சிலருக்கு மட்டுமே விதிவிலக்கு எஞ்சியது. அதன்பின் நெடுங்காலம், குடிமகன் வாங்கக்கூடிய புதிய கைத்துப்பாக்கி என்றால் அது அரசின் ஆயுதத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டது என்றே பொருளாயிற்று. இராணுவமும் காவல்துறையும் கையாளும் 9 மில்லிமீட்டர் போன்ற அளவுகள் தடைசெய்யப்பட்டவை என்பதால், .32 ரிவால்வரும் அதே அளவிலான பிஸ்டலுமே பெரும்பாலோரின் தெரிவுகளாயின. ஏற்கெனவே உள்ளே வந்திருந்த வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய உறைந்துபோயிற்று. அவற்றை விரும்புவோரின் எண்ணிக்கை உறையவில்லை. இந்த இரண்டுக்கும் இடையிலான இடைவெளியே பழையதன் விலையாகப் பெருகியது.

போட்டியற்ற சந்தையில் புதியதன் விலையும் எளியதாக இல்லை. 2014ஆம் ஆண்டு கான்பூர் பீல்டு கன் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்னும் ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. எடை 500 கிராம். விலை 1,22,360 ரூபாய். 2012 டிசம்பரில் டெல்லியில் நிகழ்ந்த கொடுமையை நினைவூட்டும் பெயரோடு, பெண்களின் தற்காப்புக்கென அது முன்னிறுத்தப்பட்டது. சராசரி இந்தியரின் அன்றைய ஆண்டு வருமானத்தைவிட அந்த விலை அதிகம். பேருந்தில் பணிக்குச் செல்லும் பெண்ணின் பெயரால் விற்கப்பட்ட பொருள் அந்தப் பெண்ணின் கைக்கு எட்டாததாக இருந்தது. பாதுகாப்பு என்பது பொது வீதியில் அரசு நிறைவேற்ற வேண்டிய கடமை என்பதிலிருந்து, வசதியுள்ளவர் கைப்பையில் வைத்துக்கொள்ளும் பண்டமாக மாறியதை அந்த விலைச்சீட்டே காட்டியது.

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் தனியார் உற்பத்திக்கு வழிவகுத்தன. 2020இல் பிரித்தானியப் பெயரான வெப்லி அண்ட் ஸ்காட், உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் .32 ரிவால்வர் உற்பத்தியில் இறங்கியது. 2021 அக்டோபரில் ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு, ஏழு பொதுத்துறை நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. புதியவற்றுள் தெரிவு சற்றே விரிந்தது. எனினும் பழைய அயல்நாட்டுத் துப்பாக்கியின் மேலதிக விலை மறையவில்லை. காரணம், அது பயன்பாட்டுக்கான விலை மட்டுமாக எப்போதும் இருந்ததில்லை.

அளிப்பைக் கூட்ட முடியாத பொருளின் உடைமையாளர், எந்த உழைப்பும் இன்றிப் பெறும் மிகுவருவாயைப் பொருளியல் பாடநூல்கள் ‘வாரம்’ என்று குறிக்கும். நிலத்தைப் பற்றி ரிக்கார்டோ சொன்னது இங்கே இரும்புக்குப் பொருந்துகிறது. பழைய வெளிநாட்டு ரிவால்வரின் உடைமையாளர் அதைச் செம்மைப்படுத்தியதால் விலை உயரவில்லை. எல்லையில் கதவு மூடப்பட்டதால் உயர்ந்தது. விலை உயர உயர, அதை வாங்குவோர் அதை முதலீடாகவும் கருதத் தொடங்கினர். நகையையும் மனையையும் பற்றிப் பேசும் அதே மொழியில், ‘விலை இறங்காது’ என்ற உறுதிமொழியுடன் ஓர் ஆயுதம் பேசப்படுகிறது. உயிர் பறிக்கும் கருவி சேமிப்புப் பொருளாகும்போது, அதை வைத்திருப்பதற்கான காரணம் தீர்ந்த பின்னும் வைத்திருப்பதற்கான ஆசை தீர்வதில்லை.

தரம் என்ற வாதமும் இங்கே ஆராயத்தக்கது. அயல்நாட்டுப் பழைய வேலைப்பாடு உயர்ந்தது என்பதில் ஓரளவு உண்மை உண்டு. பல ஆண்டுகளாக இந்தியத் தயாரிப்பின் கரடுமுரடான விசையிழுப்பும் மெருகின்மையும் குறை கூறப்பட்டே வந்துள்ளன. ஆயினும் வேலைப்பாட்டின் மேன்மை காலத்தை வென்றுவிடுவதில்லை. சுருள்வில் தளரும், சுத்தியின் முனை தேயும், ரிவால்வரின் சுழலுருளை குழலோடு நேர்கோட்டில் நில்லாது போகலாம். மூலத் தயாரிப்பாளரின் உதிரிப்பாகம் வருவதற்கான வழியும் அதே இறக்குமதிக் கட்டுப்பாட்டால் குறுகியிருக்கிறது. முந்தைய உடைமையாளர் அதை எத்தனை முறை சுட்டார், எந்த ஈரத்தில் வைத்திருந்தார் என்பது பெரும்பாலும் வாய்மொழியே. பழைய ஸ்கூட்டரின் குறை, விலையைக் குறைத்துத் தன்னை அறிவிக்கிறது. பழைய கைத்துப்பாக்கியின் குறையோ, உயர்ந்த விலைக்குப் பின்னால் மறைந்துகொள்கிறது.

இச்சந்தையின் நடுநிலைமை குறித்தும் ஐயம் எழுப்பவேண்டியுள்ளது. சுங்கத்துறை பறிமுதல் செய்த வெளிநாட்டுத் துப்பாக்கிகள் பல ஆண்டுகளாக நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் உயர்நிலையில் இருந்தோருக்கும் விற்கப்பட்டு வந்தன என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்வழி வெளிப்பட்டது. பொதுமக்களுக்கு மூடிய கதவு அதிகாரத்தில் இருப்போருக்குச் சிறிது திறந்தே இருந்தது. பற்றாக்குறையை உண்டாக்குபவரும் அதனால் பயனடைபவரும் ஒரே வட்டத்தினராகும்போது, அப்பற்றாக்குறையின் விலையை இயல்பான விலை என்று ஏற்க இயலாது.

சட்டம் கேட்கும் கேள்வியோ முற்றிலும் வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் விலையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. யார், எதற்காக என்றே கேட்கிறது. மைசூரு மாநகரில் காவல் ஆணையரும், ஆணையரகம் இல்லாத பகுதிகளில் மாவட்ட ஆட்சியரும் அக்கேள்வியைக் கேட்கும் அதிகாரிகள். ஒருவர் தம் உடைமையான துப்பாக்கியை உரிமமுள்ள இன்னொருவருக்கு விற்க விரும்பினால், அதனை எழுத்துமூலம் அறிவித்து, 45 நாள்கள் கழிந்த பின்னரே விற்க முடியும். 2019ஆம் ஆண்டின் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. சட்டத்தின் நோக்கில் ஒவ்வொரு துப்பாக்கியும் தன் இருப்புக்குக் காரணம் காட்டவேண்டிய விதிவிலக்கு. சந்தையின் நோக்கில் அது மதிப்பு வளரும் சொத்து. ஒரே பொருளின்மேல் படிந்த இந்த இரு பார்வைகளும் ஒன்றையொன்று தின்கின்றன.

இறக்குமதியைத் திறந்துவிட்டால் இக்குழப்பம் நீங்குமே என்பது எளிதில் ஒதுக்கமுடியாத மறுப்பு. கதவைத் திறந்தால் பழையதன் விலை சரியும், தரமும் விலையும் மீண்டும் உறவுகொள்ளும், வாங்குபவர் ஏமாறமாட்டார். பொருளியல் அளவில் இது சரியே. மேலும், குடியேற்ற ஆட்சியின் 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியரை நிராயுதபாணிகளாக்கியது என்ற கசப்பும், 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம் விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதை உரிமைகளுள் ஒன்றாகக் கூறியது என்ற வரலாறும் இவ்வாதத்திற்கு வலுச்சேர்ப்பவை. ஆனால் சந்தையைச் சீராக்குவது ஒன்று. சமூகத்தைப் பாதுகாப்பது மற்றொன்று. விலை குறைந்தால் வாங்குபவர் ஏமாறுவது குறையும், துப்பாக்கிகள் குறையா. ஏமாற்றத்தை நீக்குவதற்காக எண்ணிக்கையைப் பெருக்குவது நல்ல மாற்று ஆகாது.

விலைக்கு அப்பாற்பட்ட ஆயுதப் பண்பாடு ஒன்று மைசூருவின் அண்டையிலேயே உண்டு. குடகில் கொடவர்களும் ஜம்மா நிலம் உடையோரும் உரிமம் பெறும் கடப்பாட்டிலிருந்து விலக்குப் பெற்றவர்கள். 1861இல் ஆங்கிலேய ஆட்சி வழங்கிய அவ்விலக்கு, 2019இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. 2021 செப்டம்பரில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதனைச் செல்லும் என்றது. குடியேற்ற அரசு தனக்கு உகந்த குடிகளுக்கு அளித்த சலுகை குடியரசிலும் தொடர்வதன் நியாயம் தனியே விவாதிக்கத்தக்கது. இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றே. ஆயுதங்களை வழிபடும் கைல்போல்து விழாவில் வைக்கப்படும் குடும்பத் துப்பாக்கியின் பொருளைச் சந்தை விலை நிர்ணயிப்பதில்லை. வழிவழியாகக் காப்பவர்கள் இருப்பதால் அது அங்கே இருக்கிறது. நகரத்து ஆயுதச் சந்தையோ அந்த மரபின் பெருமிதத்தை மட்டும் கடன்வாங்கி, பொறுப்பை விட்டுவிட்டு, பெருமிதத்திற்கு விலை வைக்கிறது.

இனி, கைத்துப்பாக்கிக்கான காரணங்களுள் மிக நேர்மையானதாகத் தோன்றும் தற்காப்பு. கல்விப்புலத்தினருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. 2013 ஆகஸ்டில் புனேயில் நரேந்திர தாபோல்கர், 2015 பிப்ரவரியில் கோலாப்பூரில் கோவிந்த் பன்சாரே, அதே ஆண்டு ஆகஸ்டில் தார்வாடில் எம்.எம். கல்புர்கி, 2017 செப்டம்பரில் பெங்களூருவில் கௌரி லங்கேஷ் ஆகியோர் சுடப்பட்டனர். கல்புர்கி, ஹம்பி கன்னடப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். மைசூருவில் வாழும் பேராசிரியர் கே.எஸ். பகவான் காவல் பாதுகாப்போடு வாழ நேர்ந்தது. எழுதியதற்காகவும் பேசியதற்காகவும் உயிரச்சம் கொள்ளவேண்டிய சூழலில், அறிவுத்துறையினர் சிலர் உரிமம் பெறுவதைப் பற்றி எண்ணினால் அதை நகைப்பதற்கில்லை.

ஆனால் அக்கொலைகள் நிகழ்ந்த முறை கவனிக்கத்தக்கது. தாபோல்கரும் பன்சாரேவும் காலை நடையின்போது சுடப்பட்டனர். கல்புர்கி தட்டப்பட்ட தம் வீட்டுக் கதவருகே சுடப்பட்டார். கௌரி தம் வீட்டு வாயிலில் வீழ்ந்தார். திட்டமிட்டு வந்தவருக்கு நொடிகள் போதுமாயிருந்தன. அலமாரியில் பூட்டப்பட்ட ரிவால்வர் ஒரு லட்சம் பெறுவதா, பத்து லட்சம் பெறுவதா என்பது அந்த நொடிகளில் எந்த வேறுபாட்டையும் ஏற்படுத்தியிராது. கல்புர்கியையும் கௌரியையும் கொன்றது 7.65 மில்லிமீட்டர் நாட்டுக் கைத்துப்பாக்கி என்றும், இரு கொலைகளிலும் பயன்பட்டது ஒரே துப்பாக்கி என்றும் தடயவியல் ஆய்வு கூறியது. எந்தக் கடையின் விலைப்பட்டியலிலும் இடம்பெறாத ஆயுதம் அது. சட்டத்திற்கு உட்பட்ட சந்தையின் விலை விவாதம், கொலையாளிகளின் ஆயுதத்தைத் தொடுவதே இல்லை.

வீட்டிற்குள் அது தொடக்கூடியது வேறு. கலிபோர்னியாவில் இரண்டு கோடியே அறுபது லட்சம் பேருக்கு மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியான ஆய்வொன்று, கைத்துப்பாக்கி உடைய ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு, இல்லாதவரைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு என்றும், பெண்களிடையே முப்பத்தைந்து மடங்கு என்றும் கண்டது. இந்தியச் சூழல் வேறுதான். எண்களை அப்படியே பெயர்த்துவைக்க முடியாது. எனினும் துயரத்தின் ஒரு நிமிடத்திற்கும் மீளமுடியாத செயலுக்கும் இடையிலான தூரத்தைத் துப்பாக்கி சுருக்குகிறது என்பது எந்த நாட்டிற்கும் பொருந்தும். அந்தச் செலவு எந்த விலைச்சீட்டிலும் எழுதப்படுவதில்லை. பழையதற்கும் புதியதற்கும் அது ஒன்றே.

அரசு செய்யக்கூடியவை சில உண்டு. உரிமையாளர் இறந்தபின் வாரிசுகளிடம் தேங்கும் துப்பாக்கிகளையும், வைத்திருக்கும் காரணம் தீர்ந்தவற்றையும் அறிவிக்கப்பட்ட நியாயமான தொகைக்கு அரசே பெற்று அழிக்கலாம். ஆஸ்திரேலியா 1996ஆம் ஆண்டு போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பின் இழப்பீடு வழங்கி ஏறத்தாழ ஆறரை லட்சம் துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்றது. இங்கே இறக்குமதித் தடை உருவாக்கிய மிகைவிலையே மக்கள் அவற்றை ஒப்படைக்கத் தயங்குவதற்கு ஒரு காரணம் என்பதால், அத்தொகையைச் சந்தை விலையோடு போட்டியிடச் செய்ய வேண்டியதில்லை. அலைச்சலும் அச்சமும் இன்றி ஒப்படைக்கும் வழி அமைந்தாலே பலர் முன்வரக்கூடும். கைமாறும் ஒவ்வொரு பழைய துப்பாக்கிக்கும் தகுதிபெற்ற வல்லுநரின் சோதனைச் சான்றைக் கட்டாயமாக்கலாம். பறிமுதல் செய்யப்பட்டவை எவருக்கும் விற்கப்படாமல் அழிக்கப்பட வேண்டும்.

வாங்க எண்ணுபவரைப் பொறுத்தவரை, புதியதா பழையதா என்ற கேள்வி மூன்றாவது இடத்தில் வைக்கத்தக்கது. எந்த ஆபத்திற்காக என்பது முதற்கேள்வி. அந்த ஆபத்தை இந்தக் கருவி உண்மையில் தடுக்குமா என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் நேர்மையாக விடை சொல்பவர்களுள் பெரும்பாலோர் மூன்றாவது கேள்விக்கு வந்துசேரமாட்டார்கள். வந்துசேரும் சிலருக்கு, உதிரிப்பாகமும் பொறுப்பேற்கும் தயாரிப்பாளரும் இந்நாட்டிலேயே உள்ள புதிய துப்பாக்கி போதுமானது. பழையதற்குத் தரும் மிகைத்தொகை பாதுகாப்பை ஓர் அணுவும் கூட்டுவதில்லை.