செல்லாத வரிக்கு இத்தனை காவலா?

ஆன்லைன் கடைகளின் நிபந்தனைகளில் ‘இந்த நாட்டுச் சட்டம், இந்த ஊர் நீதிமன்றம்’ என்றிருப்பதால் நுகர்வோருக்கு நட்டமில்லை, அந்த வரி இங்கே செல்லவே செல்லாது என்று வாதாடுகிறார் ஒரு வழக்கறிஞர். அதாவது, செல்லாததை எழுதி வைத்தவன் யோக்கியன், அதை நம்பியவன் ஏமாளி. நல்ல நியாயம்!

அவர் காட்டும் சட்டம் சரிதான். 2020 ஜூலை 20 முதல் நடப்பிலிருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, புகார்தாரர் தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். திருவனந்தபுரம் கரமனையில் இருப்பவருக்கு, ஆட்டோ பிடித்தால் வழுதக்காட்டில் மாவட்ட ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இதெல்லாம் வக்கீலுக்குத் தெரியும். கரமனைக்காரருக்கு யார் சொன்னார்கள்? வாங்கிய மிக்ஸி புகைந்த அன்று அவர் காதில் விழுவது வேறு: “எங்க டெர்ம்ஸ்படி பெங்களூரு கோர்ட்தான் சார்.” ரயில் செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு மிக்ஸியைப் பரணில் ஏற்றிவிடுவார். அந்த வரிக்கு இட்ட வேலை அங்கேயே முடிந்தது. நீதிபதி அதைப் படிக்கும் நிலையே வராது.

ஆஸ்திரிய நுகர்வோர் அமைப்பு அமேசான் மீது தொடுத்த வழக்கில், 2016 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் பிடித்ததும் இந்தச் சூட்சுமத்தைத்தான். லக்சம்பர்க் சட்டமே பொருந்தும் என்று எழுதிவிட்டு, சொந்த நாட்டின் கட்டாயச் சட்டங்களும் உங்களைக் காக்கும் என்பதைச் சொல்லாமல் விட்டால், அந்த வரி நுகர்வோரைத் தவறாக நம்பவைக்கிறது, ஆகவே நியாயமற்றது என்றது தீர்ப்பு.

சரி, செல்லாத வரி என்றே வைத்துக்கொள்வோம். அதைப் பிடித்துக்கொண்டு நிறுவனங்கள் ஏன் உச்ச நீதிமன்றம் வரை போகின்றன? 2007இல் டெல்லி மூடுபனியில் தவித்த ஹைதராபாத் பயணிக்கு, அவர் ஊர் நிரந்தர லோக் அதாலத் 10,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ‘டெல்லி நீதிமன்றங்களுக்கே அதிகாரம்’ என்ற டிக்கெட் நிபந்தனையையும் தூக்கிக்கொண்டு மேலே போனது இண்டிகோ விமான நிறுவனம். 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. (இழப்பீட்டையும் ரத்து செய்தது, அது வேறு கதை.) அந்தப் பயணி அசரவில்லை. மிக்ஸிக்காக அத்தனை ஆண்டு அலைய யாரால் முடியும்?

‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானை நுகர்வோர் அழுத்தினாரே என்பது அந்த வழக்கறிஞரின் கடைசி அஸ்திரம். ஒரு வரியை அடித்துவிட்டு மீதியை ஒப்புக்கொள்ள எந்த ஆப்பில் இடமிருக்கிறது? நியாயமற்ற நிபந்தனைகளைச் செல்லாதென அறிவிக்க மாநில ஆணையத்துக்கு 49ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அந்த ஆணையமும் வழுதக்காட்டில்தான். யாராவது மனுப் போடும்வரை காத்திருப்பானேன்? யாருக்கும் நட்டமில்லாத வரிதானே, எடுத்துவிடும்படி தம் கட்சிக்காரர்களிடம் வழக்கறிஞரே சொல்லலாம்.