முக்காலியும் நடுகல்லும்

காமிராவைத் தாங்கும் முக்காலி வாங்கப் புகுவோர் கடைக்காரரிடம் முதலிற் கேட்பது அதன் எடையையே. இலேசானதே நல்லது என்பது அநேகருடைய அபிப்பிராயம். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன், சென்ற கோடை விடுமுறையில் பாப்பிரெட்டிப்பட்டியை அடுத்த வயலொன்றில் ஒரு நடுகல்லின் முன் முழந்தாளிடும் வரையில்.

தருமபுரிப் பகுதியில் நடுகற்கள் மிகுதி என்பது தமிழ் பயில்வோர் அறிந்ததே. அவற்றுட் சில வேடியப்பன் என்னும் பெயரால் இன்றும் வழிபடப்பெறுகின்றன. மஞ்சளும் எண்ணெயும் பூசி வணங்கும் கல்லின்மீது ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் தட்டி மைப்படி எடுக்க ஊரார் எளிதில் இசையார். அவர் இசையாமை முறையே என்பது என் கருத்து. புகைப்படமோ கல்லைத் தொடுவதில்லை. ஆயின் தேய்ந்த எழுத்து நேர் வெளிச்சத்தில் புலப்படாது. அந்தி வேளையில் கைவிளக்கைப் பக்கவாட்டிற் சாய்த்துப் பிடித்தால், பள்ளங்களில் நிழல் விழுந்து வரிகள் எழுந்து நிற்கும். அப்பொழுது காமிராவின் கண் ஒரு விநாடியேனும் அசையாது திறந்திருத்தல் வேண்டும். கைத்தொலைபேசியே போதுமே என்பர் சிலர். அதனையும் பிடித்து விளக்கையும் நீட்டிப் பார்க்கட்டும்!

யான் கொண்டு சென்றது நண்பரொருவரிடம் இரவல் பெற்றது. ஒரு கிலோவுக்கும் குறைந்த எடை. ஒன்றினுள் ஒன்று செருகிய ஐந்தடுக்குக் கால்கள். சேர்வராயன் மலைப்பக்கமிருந்து வந்த மாலைக்காற்றில் அது நாணற்புல்போல் நடுங்கிற்று. படங்கள் யாவும் கலங்கின. வட்டெழுத்தில் பகரமும் வகரமும் பிரித்தறிதற்கு அரியன. கலங்கிய படத்தில் கேட்க வேண்டுவதில்லை. ஒரு பெயரின் முதலெழுத்து இன்னும் எனக்குத் துணிபாகவில்லை.

1858-இல் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படையதிகாரி, தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து இணைத்து, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அவருடைய சுமையை மாட்டுவண்டிகள் இழுத்தன. நமக்கு வாய்த்தவை டவுன் பஸ்ஸும் தோளுமே. ஆகவே எடையைக் குறைக்கத்தான் வேண்டும். எதிற் குறைப்பது என்பதே வினா.

காலின் பருமையிற் குறைப்பது பிழை, உயரத்திற் குறைப்பதே தக்கது என்பேன். நடுகற்களிற் பல முழங்கால் அளவும் இடுப்பளவுமே நிற்பன; அவற்றிற்குக் கண்ணளவு உயரும் முக்காலி எதற்கு? அடுக்குகள் மிகுந்தால் கடைசிக் குழல் பென்சிலளவு மெலியும். மூன்றடுக்குப் போதும், கால்கள் நன்கு அகன்று தாழ வேண்டும். நடுத்தண்டை உயர்த்துவோர் மூன்று கால்களை விலை கொடுத்து வாங்கி ஒற்றைக்காலில் நிற்கிறவர்கள். கிட்சோ கம்பெனியார் 1994-இல் வெளியிட்டது முதல் பரவிய கரிநார்க் கால்கள் இலேசும் உறுதியும் ஒருங்கே உடையனவே. விலைதான் மாணவரை விரட்டும். குட்டையான அலுமினியக் கால்களே நமக்கு ஏற்றவை. புத்தகப் பையை நடுவே தொங்கவிட்டால் பாரம் இலவசமாகக் கிடைக்கும். பை தரையைச் சற்றே தொடவேண்டும், இன்றேல் ஊசலாடிக் கெடுக்கும்.

நமது தமிழ்ச் சங்கத்தார் ஒன்று வாங்கக் கருதுவாராயின், கடையிலேயே கால்களை முழுதும் நீட்டி, தலைப்பாகத்தை உள்ளங்கையால் அழுத்தித் திருகிப் பார்க்க. நெளிந்தால் அங்கேயே வைத்துவிடுக. வாங்கியதை முதலில் இரவல் கேட்போன் யானாகவே இருப்பேன். அவ்வெழுத்து பகரமா வகரமா என்று அறிதல் வேண்டும்.