சந்தியில் எழுதப்படும் தீர்ப்பு

விளையாட்டு வீரர் ஒருவர் மீது பாலியல் குற்றச்சாட்டு எழுந்தால், நீதிமன்றம் கூடுவதற்கு முன்னரே எமது சந்திகளில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகின்றது. உரும்பிராய்ச் சந்தியானாலும் யாழ்ப்பாணம் ஐந்து சந்தியானாலும் அத்தீர்ப்பில் அதிக வேறுபாடில்லை. குற்றவாளியாக நிற்பவள் பெண்.

2022 நவம்பரில் சிட்னியில் இலங்கைக் கிரிக்கெட் வீரர் தனுஷ்க குணதிலக கைதானபோது இதனைக் கண்டோம். முன்பின் அறியாத ஆணைச் சந்திக்க அவள் ஏன் சென்றாள் என்பதே இங்கு பலரும் எழுப்பிய முதற் கேள்வி. 2023 செப்டெம்பர் 28 அன்று நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. அத்தீர்ப்பை முழுமனதுடன் ஏற்கவேண்டும். அவர்மீது இனியும் பழி சுமத்துவது அநீதியாகும். ஆயினும், அப்பெண்ணைத் தூற்றியவர்கள் சாட்சியங்களை ஆராய்ந்தா தூற்றினர்? கைதான அன்றே தொடங்கிவிட்டனரே!

குற்றம் ஐயமற நிரூபணமானாலும் இவ்வழக்கம் மாறுவதில்லை. 2015 ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக வளாகத்தில், நினைவிழந்து கிடந்த பெண்ணைத் தாக்கிய நீச்சல் வீரர் புரொக் டேர்னரைத் துவிச்சக்கரவண்டியில் வந்த இரு மாணவர்கள் மடக்கிப் பிடித்தனர். மூன்று குற்றங்களுக்கு அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். 14 ஆண்டுகள் வரை விதிக்கக்கூடிய வழக்கில் கிடைத்தது 6 மாதச் சிறை. அதிலும் அனுபவித்தது 3 மாதங்களே. குற்றச் செய்தியின் இறுதியில் அவரது நீச்சல் நேரங்களையும் பிரசுரித்த பத்திரிகை உண்டு. அப்பெண் எவ்வளவு மது அருந்தினாள் என்பதோ நீதிமன்றில் துருவித் துருவிக் கேட்கப்பட்டது. ஷனெல் மில்லர் என்ற தமது பெயரை அவர் வெளியிட்டது 2019இல்தான்.

எமது சட்டம் எம்மைவிட முன்னே நிற்கின்றது. 1995ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தின்படி, சம்மதமின்மையை நிரூபிக்க உடற்காயம் அவசியமில்லை. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். இதனை எம்மைப் போன்ற ஊடகத்தார் எத்தனை தடவை மீறியிருக்கின்றோம் என்பதை எண்ணினால் வெட்கமே மிஞ்சும்.

மதத்தைத் துணைக்கழைப்போரும் உளர். வஞ்சகம் செய்தவன் இந்திரன், கல்லானவள் அகலிகை. அக்கதையை இன்றும் பெண்களுக்கே எச்சரிக்கையாகச் சொல்கின்றோம். கற்புள்ள பெண்கள்மீது நான்கு சாட்சிகளின்றிப் பழி கூறுவோருக்கு 80 கசையடி என்கின்றது திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம். பெண்ணின் மானத்தைக் காக்க வந்த அவ்விதியையே, நான்கு சாட்சிகள் எங்கே என்று பாதிக்கப்பட்டவளிடம் கேட்கத் திருப்பிவிடுவோரை என்னென்பது?

பாடசாலை அணித்தலைவர் மீதோ ஊர்க் கழகத்தின் நட்சத்திர வீரர் மீதோ நாளை ஒரு முறைப்பாடு வரலாம். பெரும் போட்டி நெருங்குகின்றது, பெண்ணுக்கும் கல்யாணம் ஆகவேண்டும் என்று இரு வீட்டாரையும் இருத்திச் சமரசம் பேச அதிபருக்கோ கழக நிர்வாகத்துக்கோ உரிமையில்லை. பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பணியகத்துக்கு அம்முறைப்பாடு அன்றைய தினமே செல்லவேண்டும். குற்றமற்ற வீரருக்கும் தம்மீதான பழியை முறையாகத் துடைக்க வேறு இடமில்லை.