அடி புரியும், சைகை புரியாதா?

"செவிட்டு நாய்க்கு எதைச் சொல்லிப் புரியவைப்பது? கட்டிப் போடு, மீறினால் இரண்டு போடு." நாய் வளர்ப்பவர்களிடம் சர்வசாதாரணமாகப் புழங்கும் பேச்சு இது. செருப்பைக் குதறிவிட்டது, முல்லைக்கொடியை வேரோடு தோண்டிவிட்டது என்றால் பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். செவிட்டு நாய்க்குப் புரியவைக்க முடியாது என்பது முழுப் பொய். இந்தப் பொய்யால் அடிபடுவது வாயில்லாத ஜீவன்.

ராஜபாளையம் நாயையே எடுத்துக்கொள்வோம். பால்வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் அந்த இனத்தின் பெருமை. 2005இல் அஞ்சல்தலையிலும் இடம்பெற்றது. அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு என்பதும் வளர்ப்பவர்கள் அறிந்ததே. வெள்ளை நிறத்துக்கும் காதுக்கும் தொடர்பு இருக்கிறது. உட்காதில் நிறமிச் செல்கள் இல்லாவிட்டால், ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடும். அமெரிக்காவில் டால்மேஷன் நாய்களைச் சோதித்த ஜார்ஜ் ஸ்ட்ரெயின், நூற்றுக்கு ஏறத்தாழ 30 நாய்களுக்கு ஒரு காதோ இரு காதுமோ கேட்பதில்லை என்று கண்டறிந்தார். வெள்ளையைத் தேடித் தேடி இனம் பெருக்கியது மனிதர்கள். அதன் விளைவைக் குட்டியின் குற்றமாக்கித் தெருவில் விடுவதும் அவர்களே.

அப்படி விடப்பட்டு, மீட்கப்பட்டு, புது வீட்டுக்கு வரும் நாய் ஏன் கடிக்கிறது? ஏழு மாதத்துக்கு உட்பட்ட குட்டியென்றால் பல் முளைக்கும் ஊறல். வளர்ந்த நாயென்றால், எதைக் கடிக்கிறது என்று பாருங்கள். கதவு நிலையையும் ஜன்னல் சட்டத்தையும் கடித்தால், பெரும்பாலும் அது பயம். காது கேட்கும் நாய், நீங்கள் சாவி எடுப்பதையும் கேட்டைச் சாத்துவதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும். கேட்காத நாய் தூங்கி எழுந்து பார்த்தால் வீட்டில் ஆளே இல்லை. புறப்படுமுன் மெல்லத் தொட்டு எழுப்பி, பழகிய சைகை ஒன்றைக் காட்டிவிட்டுப் போவது அந்தத் திகிலைக் குறைக்கும்.

தோண்டுவதற்கும் காரணம் உண்டு. சித்திரை வெயிலில் குளிர்ந்த மண்ணைத் தேடும். எலி வாசம் பிடித்தால் விடாது. பன்றி வேட்டைக்கு ஓடிய ராஜபாளையம் போன்ற இனத்தை நாள் முழுக்கச் சங்கிலியில் வைத்தால், அவிழ்த்துவிட்ட நிமிடம் தோட்டம் பாழாகத்தான் செய்யும்.

"தப்பென்று அதற்கே தெரியும், மூஞ்சியைப் பாருங்கள்" என்பார்கள். 2009இல் ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். தப்பே செய்யாத நாயும் திட்டு வாங்கினால் அதே முகத்தைத்தான் காட்டியது. அந்த முகத்தில் இருப்பது நம் கோபத்துக்கான அச்சம், குற்றவுணர்ச்சி அல்ல.

எனக்கு ஆத்திரம் மூட்டுவது அடிதான். காது கேட்காத நாயோடு நாம் பேசுவது கையால். அந்தக் கையே அடித்தால், அடுத்த முறை 'வா' என்று கை நீட்டும்போது அது பதுங்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். முகம் திருப்பிய செவிட்டு நாயிடம் எதையும் சொல்ல முடியாது. பிறகு, "பார்த்தீர்களா, பழக்கவே முடியவில்லை" என்கிறார்கள். பழக்க முடியாமல் செய்தது அந்த அடி.

செய்ய வேண்டியது கடினமானதல்ல, பொறுமை கேட்பது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டி, உடனே ஒரு கறித்துண்டு கொடுங்கள். சில நாட்களில் கட்டைவிரலே 'சபாஷ்' ஆகிவிடும். செருப்பு வாயில் இருக்கும்போது பிடுங்காமல், தயிர் அடைத்து உறையவைத்த ரப்பர் பொம்மையை நீட்டி மாற்றிக்கொள்ளுங்கள். வேகவைத்த எலும்பு மட்டும் வேண்டாம், சில்லுசில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். தோட்டத்தின் நிழல் மூலையில் மணல் கொட்டி, அதில் தின்பண்டத்தைப் புதைத்து, "இங்கே தோண்டு" என்று காட்டுங்கள். வீட்டில் ஆளுக்கொரு சைகை கூடாது, எல்லோருக்கும் ஒன்றே. காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து நடக்கவிடுங்கள். காது கேட்காத நாயைச் சாலையில் அவிழ்த்துவிடவே கூடாது.

நாயை அடிப்பதும், நெடுநேரம் கட்டிப்போட்டு நடக்கவிடாமல் வைப்பதும், கைவிடுவதும் 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதம் 10 முதல் 50 ரூபாய். அந்தத் தொகையை நம்பி எந்த நாயும் பிழைக்காது. வெள்ளைக் குட்டி வாங்குகிறவர்களே, வாங்குமுன் அதன் முதுகுக்குப் பின்னால் கை தட்டிப் பாருங்கள். சந்தேகம் என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். செவிடு என்று தெரிந்தால், சைகை கற்றுத்தர மனமிருந்தால் மட்டும் கூட்டிப் போங்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்தால், தயவுசெய்து இன்றைக்கே சங்கிலியை அவிழ்த்துவிட்டு முதல் சைகையைக் கற்றுக்கொடுங்கள்.