படிவத்தைச் சரிபார்ப்பது யார்?

தேர்வு எழுத, உதவித்தொகை பெற, இரயிலில் இடம் பிடிக்க, இன்று எதற்கும் இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. நிரப்பியது சரிதானா என்று பார்க்க வேண்டியது யார்? நம் கையிலுள்ள உலாவியா, எங்கோ இருக்கும் சர்வரா? கணினி வகுப்பில் இக்கேள்வி எழுந்தபோது எங்களுக்குள் இரு கட்சிகள் உண்டாயின. வாதாடி நாங்கள் கண்ட முடிவை இங்கே எழுதுகிறோம்.

எங்களில் ஒருத்தி சென்ற ஆண்டு தன் தாயாருடன் இணைய மையத்தில் அமர்ந்து ஒரு விண்ணப்பத்தை நிரப்பினாள். முக்கால் மணி நேர வேலை. அனுப்பும் பொத்தானை அழுத்தியதும், தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது என்று சர்வரிலிருந்து பதில் வந்தது. அதோடு நிரப்பியவை யாவும் அழிந்தும் போயின! பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, இருவரும் முதலிலிருந்து தொடங்கினார்கள். அவள் தட்டும்போதே உலாவி அப்பிழையைச் சுட்டிக்காட்டியிருக்கலாம் அல்லவா? 1995-ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி, தொடக்கத்திலிருந்தே இப்பணிக்குப் பயன்பட்டு வருகிறது. ஆகவே, உலாவியில் சோதனை வேண்டும் என்போர் கட்சி நியாயமானதே.

அப்படியானால் அதுவே போதுமா? போதாது என்கிறோம். விடைத்தாளைக் கொடுக்குமுன் நாமே ஒருமுறை படித்துத் திருத்திக்கொள்கிறோம். அதற்காக மதிப்பெண்ணையும் நாமே போட்டுக்கொள்ளலாமா? உலாவி நம் வசத்தில் இருப்பது. அதிலுள்ள சோதனையை யாரும் நிறுத்திவைக்கலாம். உலாவியே இல்லாமல் வேறொரு நிரலிலிருந்து நேராகச் சர்வருக்கு எதையும் அனுப்பலாம். ரூ. 500 விலையுள்ள பொருளுக்கு ரூ. 5 என்று மாற்றி அனுப்பினால், சர்வர் தன் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்காதவரை கடைக்காரருக்கு நட்டமே.

இது வெறும் அச்சமன்று. 2015 அக்டோபரில் பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பழைய வலைப்பக்கங்கள் வழியே திருடர்கள் புகுந்தனர். பார்வையாளர் தட்டும் எழுத்துகள் தரவுத்தளத்துக்கான கட்டளையோடு கலந்துவிடாதபடி காக்கும் ஏற்பாடு அங்கே சர்வரில் இல்லை. 1,56,959 வாடிக்கையாளரின் சொந்த விவரங்கள் பறிபோயின. மறு ஆண்டு அந்நிறுவனத்துக்கு 4 இலட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. உலாவியில் எத்தனை பூட்டுப் போட்டிருந்தாலும் அத்திருட்டைத் தடுத்திருக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கே சோதிப்பது என்பதைப்போலவே, எதைச் சோதிப்பது என்பதும் முக்கியம். தமிழரில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. 'கடைசிப் பெயர் கட்டாயம்' என்று ஒரு படிவம் அடம்பிடிக்கவே, தோழி ஒருத்தியின் தந்தை அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளியை வைத்தார். படிவம் உடனே ஏற்றுக்கொண்டது! உண்மையை மறுத்துப் புள்ளியை ஏற்கும் சோதனையால் யாருக்கு என்ன பயன்? இத்தகைய விதியை உலாவியில் வைத்தாலும் தவறு, சர்வரில் வைத்தாலும் தவறு.

எங்கள் முடிவு இதுதான். உலாவியின் சோதனை நிரப்புகிறவருக்குச் செய்யும் உதவி. அதைக் கனிவோடு செய்ய வேண்டும். சர்வரின் சோதனை, நம்மை நம்பி விவரம் தந்த அனைவருக்கும் செய்யும் கடமை. அதை ஒருபோதும் விடலாகாது. பிழையைக் காணும் சர்வரும், நிரப்பியதை அழிக்காமல் பிழையுள்ள கட்டத்தை மட்டும் காட்டட்டும். நாளை நிரல் எழுதப்போகும் தோழியரே, வரிசையில் காத்துநிற்கும் ஒரு தாயை மனத்தில் வைத்து எழுதுங்கள். படிவம் தானே சரியாகிவிடும்.

— பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவியர்