யந்திரப் பகுதி: எண்ணெய் ஒழுகும் சேம்பர்

காய்கறியும் இட்லி மாவும் தண்ணீர்க் கேன்களும் ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி, வெளி மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றிற்குச் சோறு போடுகிறது. அவ்வண்டி இரவில் நின்ற இடத்தில் காலையில் கறுப்பாக ஒரு வட்டம் காணப்பட்டால் பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. 'பழைய வண்டி, சற்று ஒழுகத்தான் செய்யும்' என்று சொல்லி, வாரந்தோறும் அரை லிட்டர் எண்ணெய் ஊற்றிக்கொண்டே ஓட்டுகின்றனர். இத்திங்கள் அந்தக் கறுப்பு வட்டத்தைப் பற்றியே எழுதக் கருதுகிறேன்.

எஞ்சினின் அடியில் தொட்டி போல் தொங்கும் கலத்திலேதான் எண்ணெய் தங்குகிறது. நூல்களில் இதனை ஆயில் பான் என்றும் சம்ப் என்றும் எழுதுவர். வடநாட்டுப் பட்டறைகளில் 'சேம்பர்' என்றால்தான் விளங்கும். இதிலுள்ள எண்ணெயைப் பம்ப் ஒரு சல்லடையின் வழியே உறிஞ்சி, ஃபில்டரில் வடித்து, கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கும் மேலுள்ள உறுப்புகளுக்கும் அழுத்தத்துடன் அனுப்புகிறது. சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே உள்ள வெளி, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கே. அவ்வெளியில் எண்ணெய் நிற்கும் வரையில் உலோகம் உலோகத்தை உரசுவதில்லை. எண்ணெய் மட்டம் தாழ்ந்து பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கினால், சில நிமிஷங்களில் பேரிங் சூடேறித் தண்டைப் பற்றிக்கொள்ளும். சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால் 'அடுத்த கடை வரையில் போய்விடலாம்' என்று எண்ணாமல், ஓரமாக நிறுத்தி அக்கணமே எஞ்சினை அணைக்கச் சொல்வது இதனாலேதான். சேம்பர் பாக்கிங் மாற்றுவது சில்லறைச் செலவு; எஞ்சினைப் பிரித்துக் கட்டுவதோ பல மாத வருவாயை விழுங்கிவிடும்.

ஆயினும், அடியில் சொட்டுகிறது என்பதனாலேயே சேம்பர்தான் ஒழுகுகிறது என்று முடிவு கட்டலாகாது. எண்ணெய் மேலிருந்து கீழே இறங்கும். ஓடும் வண்டியில் காற்று அதனைப் பின்னுக்குத் தள்ளும். டாப்பெட் மூடியில் கசிந்தாலும், ஃபில்டரின் கழுத்தில் கசிந்தாலும், பிரஷர் சுவிட்சில் கசிந்தாலும், யாவும் கடைசியில் சேம்பரின் விளிம்பில் வந்து கூடியே சொட்டும். திருடியவன் மாடியில் இருக்க, வாசலில் நிற்பவனைப் பிடித்த கதைதான்!

ஆதலால் ஸ்பானரைத் தொடுமுன் துணியைத் தொடுங்கள். எஞ்சின் நன்றாக ஆறியபின், டீசலும் பிரஷும் கொண்டு அழுக்கை முற்றக் கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும். விளிம்பைச் சுற்றி முகப்பவுடரைத் தூவி, கால் மணி நேரம் எஞ்சினை ஓட விட்டுப் பாருங்கள். போதாதெனில் சிறிது தூரம் ஓட்டி வாருங்கள். பிறகு டார்ச் விளக்கைப் பிடித்துப் பார்த்தால், நனைந்த இடங்களுள் எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் உள்ளதோ அதுவே ஊற்றுக்கண். எஞ்சினும் கியர்ப்பெட்டியும் கூடும் இடத்தின் அடியில் சொட்டினால் பெரும்பாலும் பின்பக்கத்து ஆயில் சீல் போயிருக்கும். அதற்குக் கியர்ப்பெட்டியையே இறக்க வேண்டும், சேம்பரைக் கழற்றிப் பயனில்லை. வடிகால் போல்ட்டில் மட்டும் ஈரமிருந்தால் சில ரூபாய் வாஷரோடு வேலை முடிந்தது. மற்றொன்று: எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால் உள்ளே காற்றழுத்தம் பெருகி, புதுப் பாக்கிங்கையும் மீறி எண்ணெய் வெளியேறும். மூன்று முறை மாற்றியும் ஒழுகுகிறது என்று குறைப்படுவோர் முதலில் இக்குழாயைப் பார்ப்பது நலம்.

பட்டறையில் 'சேம்பர் லீக்' என்று நீங்களே நோய்க்குப் பெயரிட்டு வண்டியை விடாதீர்கள். 'தேல் கஹாங் ஸே ஆ ரஹா ஹை?' என்று கேட்டு, இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குச் சினம் கொள்ள மாட்டார்.

சேம்பரே குற்றவாளி எனத் தெளிந்து, வேலையை வீட்டிலேயே செய்ய எண்ணுவோருக்குச் சில சொற்கள். சரக்கை இறக்கிவிட்டு, சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் நுழையாதீர்கள். உறுதியான ஸ்டாண்டுகள் வேண்டும். எண்ணெயை இளஞ்சூட்டில் வடித்து, போல்ட்டுகளைக் கழற்றுங்கள். சில வண்டிகளில் குறுக்குச் சட்டம் தடுக்கும். எஞ்சினைச் சற்றே தூக்கினால்தான் சேம்பர் வெளிவரும். அத்தகைய வண்டியைப் பட்டறைக்கு விடுவதே தக்கது.

தகரச் சேம்பரில் போல்ட் துளைகளைச் சுற்றி விளிம்பு குழிந்திருக்கிறதா எனப் பாருங்கள். ஒழுகுகிறதே என்று முன்பு யாரோ வலிந்து இறுக்கியதன் தழும்பு அது. இறுக்க இறுக்க விளிம்பு வளைந்து, இரு போல்ட்டுகளுக்கு நடுவே வாய் பிளக்கும். சமமான இரும்புக் கட்டையில் வைத்து மெல்லத் தட்டி நேராக்க வேண்டும். அலுமினியச் சேம்பரைத் தட்டலாகாது. விரிசல் கண்டிருந்தால் ஆர்கான் வெல்டிங்கே வழி. எம்-சீல் ஊர் போய்ச் சேரத்தான் உதவும்.

பழைய பாக்கிங்கைச் சுரண்டி எடுத்து, இரு முகங்களையும் தின்னர் கொண்டு எண்ணெய்ப் பசையறத் துடையுங்கள். சிலிக்கோன் பசை பூசும் வகையானால் (நம் மெக்கானிக்குகள் 'அனபாண்ட்' என்பது இதனையே), துளைகளின் உட்புறமாக ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கனத்தில் அறாத கோடாக இடுங்கள். அள்ளிப் பூசினால் மிகுதி உள்ளே பிதுங்கி, உதிர்ந்து, சல்லடையை அடைக்கும். ஒழுகலைத் தடுக்கப் போய் எஞ்சினையே பட்டினி போட்டதாகும். போல்ட்டுகளை நடுவிலிருந்து இரு புறமும் மாறி மாறி, இரண்டு சுற்றாக இறுக்குங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டரே போதும். சிறு ஸ்பானரை இரண்டு விரலால் இழுக்கும் அளவு அது. வண்டியின் கையேட்டில் வேறு அளவு கண்டிருந்தால் அதுவே செல்லும். பசை இறுக ஓர் இரவேனும் விட்டு, மறுநாள் எண்ணெய் ஊற்றுங்கள்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்ட வேண்டாம். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயக் கழிவு. மூடிய கேனில் ஊற்றி, பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.